கரண்ட் திரும்பும் வழி: மலிவு விலை டேக்குகளும் சுத்தமான பவர் சப்ளையும்

தூத்துக்குடியில் எண்களாகச் சேமித்த இசையைக் காதுக்கு எட்டும் ஒலியாக மாற்றித் தரும் மலிவுக் கருவிகள் இரண்டு வகை. முதல் வகை, ஹெட்போன் ஆர்வலர்கள் ‘டேக்’ என்று அழைக்கும் சிறு பெட்டி. செல்போனின் சி-டைப் துளையில் செருகும் விரலளவு டாங்கிளும் இதில் அடங்கும். இரண்டாவது வகையை டேக் என்று யாரும் சொல்வதில்லை. பனிமய மாதா கோயில் திருவிழாவிலும், குலசேகரப்பட்டினம் தசராவிலும், ஊர் அம்மன் கோயில் கொடையிலும் பாட்டுப் போடும் மைக்செட் ஆம்ப்ளிஃபையரின் முகப்பில், பென்டிரைவுக்கும் ப்ளூடூத்துக்கும் இடம் கொடுத்துப் பதித்திருக்கும் சில நூறு ரூபாய் போர்டு அது. இரண்டும் செய்வது ஒரே வேலை. ஆனால் முதல் வகையை வாங்கியவருக்கு, ‘அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு லீனியர் பவர் சப்ளை போட்டுப் பாருங்கள், சத்தமே மாறிவிடும்’ என்ற அறிவுரை சீக்கிரமே வந்து சேர்கிறது. ஸ்விட்ச் ஆகும் அடாப்டருக்குப் பதிலாக டிரான்ஸ்ஃபார்மரில் ஓடும் அந்தப் பவர் சப்ளையின் விலை பல நேரம் டேக்கின் விலையைத் தாண்டும். இரண்டாவது வகையைப் பற்றி அப்படி ஓர் அறிவுரை கிடையாது. வேடிக்கை என்னவென்றால், பவர் சப்ளையால் உண்மையில் அவதிப்படுவது இரண்டாவது வகைதான். அறிவுரை ஆள் மாறிப் போய்க்கொண்டிருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். மலிவு டேக்குக்குள் கரண்ட் எவ்வளவு சுத்தமாக நுழைகிறது என்பதில் பெரிய விஷயம் இல்லை. அது எந்த வழியாகத் திரும்பிப் போகிறது என்பதில்தான் இருக்கிறது.

அறிவுரையின் வேரைப் பார்க்க டேக் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே வரும் ஒவ்வோர் எண்ணும் ஒரு பங்கைக் குறிக்கிறது. நிலையாக வைத்திருக்கும் ரெஃபரன்ஸ் வோல்டேஜில் எத்தனை பங்கு வெளியே போக வேண்டும் என்று அது சொல்கிறது. அப்படியானால் வெளிவரும் சிக்னல் அந்த எண்ணும் ரெஃபரன்ஸும் பெருகி வருவது. ரெஃபரன்ஸ் ஆடினால் இசையும் கூடவே ஆடும். அதுவும் பாட்டு உரக்க ஒலிக்கும்போது கூடி, பாட்டு நிற்கும்போது மறைந்துவிடுகிற இரைச்சலாக வரும் என்பதால், காதை வைத்துக் கேட்டுக் கண்டுபிடிப்பதும் எளிதன்று. ஆகவே கவலைக்குக் காரணமே இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. சி.டி. பிளேயர்களின் தொடக்க காலத்தில் அது மிகவும் நியாயமான கவலை. 1985இல் பிலிப்ஸ் வெளியிட்ட டி.டி.ஏ.1541 சிப்புக்கு 5 வோல்ட், மைனஸ் 5 வோல்ட், மைனஸ் 15 வோல்ட் என்று மூன்று தனித்தனி சப்ளை வேண்டியிருந்தது. பொறியாளர்கள் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகளிலும் கெப்பாசிட்டர்களிலும் தாராளமாகச் செலவு செய்தார்கள். இன்று சுற்றிவரும் அறிவுரையின் பெரும்பகுதி அந்தக் காலத்துச் சொத்து.

இப்போதைய நிலை வேறு. சில நூறு ரூபாய்க்குப் போர்டாகவே கிடைக்கும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பி.சி.எம்.5102ஏ சிப், 3.3 வோல்ட் என்ற ஒரே சப்ளையில் ஓடி, 112 டெசிபல் டைனமிக் ரேஞ்ச் தருகிறது. சி.டி.யின் 16 பிட்டுக்கு ஏட்டளவில் கிடைப்பதே ஏறத்தாழ 96 டெசிபல்தான். இன்னும் கொஞ்சம் விலை கூடிய பெட்டிகளில் இருக்கும் இ.எஸ்.எஸ். நிறுவனத்தின் இ.எஸ்.9038கியூ2எம் 129 டெசிபல் என்கிறது. இந்தச் சிப்புகளுக்கு நல்ல சப்ளை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, இ.எஸ்.எஸ். சிப்பில் அனலாக் சப்ளையே ரெஃபரன்ஸாகவும் வேலை செய்வதால், அதற்குக் குறைந்த இரைச்சல் கொண்ட ரெகுலேட்டர் கட்டாயம். ஆனால் அந்த ரெகுலேட்டர் இருக்க வேண்டிய இடம் சிப்பின் காலுக்கு அருகில், போர்டின் மேலேயே. ஒழுங்காக வடிவமைத்த டேக்குகளில் அது அங்கேதான் இருக்கிறது. சுவரில் செருகும் அடாப்டருக்கும் சிப்புக்கும் நடுவே ஒன்றிரண்டு ரெகுலேட்டர்களும் வரிசையாகக் கெப்பாசிட்டர்களும் நிற்கின்றன.

ஒரு கணக்குப் போடலாம். மட்டமான அடாப்டரின் 5 வோல்டில் 50 மில்லிவோல்ட் சிற்றலை இருப்பதாகக் கொள்வோம். குறைந்த அதிர்வெண்ணில் ஒரு சாதாரண ரெகுலேட்டர் 60 டெசிபல் தடுக்கும். அதாவது ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். இரண்டு வரிசையாக இருந்தால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 50 மில்லிவோல்ட் 50 நானோவோல்ட் ஆகிவிடும். டேக் தரும் 2 வோல்ட் சிக்னலுக்கு அது 152 டெசிபல் கீழே. எந்தச் சிப்பின் சொந்த இரைச்சலும் அதைவிடப் பல மடங்கு பெரியது. அதிர்வெண் ஏற ஏற ரெகுலேட்டரின் தடுப்பாற்றல் சரிந்துகொண்டே போகும் என்பது உண்மை. அடாப்டர்கள் ஸ்விட்ச் ஆகும் 100 கிலோஹெர்ட்ஸ் பக்கம் அது பாதியாகிவிடலாம். அப்போதும் மிஞ்சுவது 50 மைக்ரோவோல்ட் அளவே, அதுவும் மனிதக் காதின் 20 கிலோஹெர்ட்ஸ் எல்லைக்கு வெகு மேலே. இந்த நிலையில் அடாப்டரை எடுத்துவிட்டு, 0.8 மைக்ரோவோல்ட் இரைச்சல் மட்டுமே கொண்ட எல்.டி.3045 போன்ற அருமையான ரெகுலேட்டர் பூட்டிய பெட்டியை வெளியே வைத்தால், ஏற்கெனவே தடுத்தாகிவிட்ட ஒன்றை மறுபடி தடுக்கிறோம்.

‘இரைச்சலை விடுங்கள், சப்ளை அசுத்தமானால் கடிகாரம் தடுமாறும்’ என்பது அடுத்த வாதம். டேக்கின் உள்ளே எண்களை நேரம் தவறாமல் எடுத்துக் கொடுக்கும் படிக ஆஸிலேட்டர் உண்டு. அதன் சப்ளையில் இரைச்சல் ஏறினால் துடிப்புகள் சற்று முன்பின்னாக விழும். இதைத்தான் ஜிட்டர் என்கிறார்கள். எவ்வளவு முன்பின்னானால் காதுக்குத் தெரியும் என்று சோதித்திருக்கிறார்கள். 1998இல் பெஞ்சமின், கேனன் இருவரும் வெளியிட்ட ஆய்வில், தூய ஒற்றைச் சுரத்தில் 10 நானோ வினாடி அளவிலும், பொறுக்கியெடுத்த சில இசைத் துண்டுகளில் 20 நானோ வினாடி அளவிலும்தான் அது தெரிந்தது. 2005இல் ஜப்பானில் அஷிஹாராவும் குழுவினரும் இசையில் ஒழுங்கற்ற ஜிட்டரைச் சேர்த்துச் சோதித்தபோது, கண்டுபிடிக்கும் எல்லை சில நூறு நானோ வினாடிகளாக இருந்தது. இன்றைய மலிவு டேக்குகளின் ஜிட்டர் பொதுவாக ஒரு நானோ வினாடிக்கும் கீழே. பத்து மடங்குக்கும் மேல் இடைவெளி இருக்கும்போது, சப்ளையை மாற்றி அதில் ஒரு பங்கைக் குறைப்பதால் என்ன கேட்டுவிட முடியும்?

கேட்கும் அறையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மே மாதத் தூத்துக்குடியில் மின்விசிறி ஓடாத அறையில் யாரும் இசை கேட்பதில்லை. விசிறி சுற்றும் அறையின் பின்னணிச் சத்தம் 40 டெசிபலுக்குக் கீழ் இறங்குவது அரிது. ஸ்பீக்கர் உச்சத்தில் 95 டெசிபல் தந்தாலும், இசைக்கு மிஞ்சும் இடம் 55 டெசிபல்தான். காதை மூடும் ஹெட்போனில் இன்னும் இருபது கூடும் என்று வைத்தாலும், 100 டெசிபலுக்குக் கீழே நடப்பவை எல்லாம் அளவுக் கருவிகளின் உலகம்.

இதில் ஊர்ப் பெருமை சார்ந்த ஒரு தப்புக் கணக்கும் உண்டு. 210 மெகாவாட் யூனிட் ஐந்து, மொத்தம் 1,050 மெகாவாட் திறனோடு அமைந்த அனல்மின் நிலையம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, பிறகென்ன, நமக்குக் கரண்ட் சுத்தமாகத்தான் வரும் என்பது அது. மின் நிலையம் பக்கத்தில் இருப்பதும் நூறு மைல் தள்ளி இருப்பதும் வீட்டுப் பிளக்கைப் பொறுத்தவரை ஒன்றே. வீட்டுக் கரண்டில் சேரும் அழுக்கு, வீட்டிலும் அதே டிரான்ஸ்ஃபார்மரில் தொங்கும் பக்கத்து வீடுகளிலுமே பிறக்கிறது: எல்.இ.டி. பல்பின் டிரைவர், பிரிட்ஜ் கம்ப்ரசர், மோட்டார், செல்போன் சார்ஜர். உப்புக் காற்று மின்கம்பத்து இன்சுலேட்டர்களில் படிந்து, பனி இறங்கும் விடியற்காலையில் பொறி பறக்கவைப்பது மட்டும் கடற்கரைக்கே உரிய கூடுதல். இந்த அழுக்கில் பெரும்பகுதியை அடாப்டரே தின்றுவிடுகிறது. அது முதலில் செய்வதே 230 வோல்ட் ஏ.சி.யை நேர்மின்சாரமாக்கிக் கெப்பாசிட்டரில் தேக்குவதுதான்.

எனில் பிரச்சினை எங்கே? அடாப்டருக்குள், மின்வழிப் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே ‘ஒய் கெப்பாசிட்டர்’ என்ற ஒரு சிறு உறுப்பு இருக்கும். ஸ்விட்ச் ஆகும்போது எழும் ரேடியோ இரைச்சலைத் திருப்பி அனுப்ப அது தேவை. ஆனால் அதன் வழியே 50 ஹெர்ட்ஸ் கரண்டும் கொஞ்சம் கசியும். 2.2 நானோஃபாரட் கெப்பாசிட்டர் என்றால் 230 வோல்டில் கசிவு சுமார் 0.16 மில்லி ஆம்பியர். இரண்டு முள் சார்ஜரில் போட்ட லேப்டாப்பின் உலோக உடம்பைத் தடவினால் விரலில் சுரசுரவென்று ஊர்கிறதே, அது இதுதான். இந்தக் கசிவு எங்காவது திரும்பிப் போயாக வேண்டும். டேக்கிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் ஆர்.சி.ஏ. வயரின் வெளிக்கூடு அதற்கு வாகான வழி. அதே கூடுதான் இசைக்கும் பூஜ்ஜியம். கூட்டின் மின்தடை 0.1 ஓம் என்றால், அதன் குறுக்கே 16 மைக்ரோவோல்ட் எழுந்து இசையோடு சேரும்; 2 வோல்டுக்கு அது 102 டெசிபல் கீழே, தொந்தரவே இல்லை. இப்போது அந்த ஆர்.சி.ஏ. பின் உப்புக் காற்றில் ஆறு மாதம் பச்சை பூத்துக் கிடந்து, தொடுமுனையின் தடை 10 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். அதே கசிவு, அதே அடாப்டர். எழுவது 1.6 மில்லிவோல்ட், 62 டெசிபல் கீழே. அமைதியான ராகத்தில் உறுமல் தெளிவாகக் கேட்கும். சுத்தமான பவர் சப்ளைக்குப் பத்தாயிரம் ரூபாய் எடுத்து வைத்தவர், கான்டாக்ட் கிளீனரில் நனைத்த துணியால் பின்னைத் துடைத்து அதைவிடப் பெரிய மாற்றத்தைக் கண்டுவிடலாம்.

லீனியர் பவர் சப்ளை மாட்டியதும் உண்மையாகவே வித்தியாசம் கேட்டது என்பவர்களில் ஒரு பகுதியினருக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. நல்ல டிரான்ஸ்ஃபார்மரில் ஒய் கெப்பாசிட்டர் கிடையாது, கசிவு குறைவு. அவர்கள் கேட்டது பொய்யல்ல. ‘சுத்தமான கரண்ட்’ என்று அவர்கள் சொல்லும் காரணம்தான் பிசகு. எர்த் உள்ள கருவிகள் இரண்டைத் தனித்தனிச் சுவர்ப் பிளக்கில் போட்டு இணைக்கும்போது இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகும். மேசைக் கம்ப்யூட்டருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் மூன்று முள் பிளக். இரண்டு பிளக்கின் எர்த்துக்கும் நடுவே 50 மில்லிவோல்ட் வேறுபாடு சாதாரணமாக இருக்கலாம். அது அப்படியே சிக்னல் வயரின் கூட்டில் ஏறினால் 2 வோல்டுக்கு 32 டெசிபல்தான் கீழே. கம்ப்யூட்டரின் கிராஃபிக்ஸ் கார்டு இழுக்கும் கரண்டும், யு.எஸ்.பி.யின் 125 மைக்ரோ வினாடித் துடிப்பில் பிறக்கும் 8 கிலோஹெர்ட்ஸ் கீச்சொலியும் இதே வழியில் சேர்ந்துகொள்ளும். டேக்குக்கு எவ்வளவு விலையுயர்ந்த சப்ளை கொடுத்தாலும் யு.எஸ்.பி. வயரின் கிரவுண்ட் இணைந்தே இருக்கும் வரை, இரண்டு எர்த்தும் சிக்னல் வயரும் சேர்ந்த இந்தக் கிரவுண்ட் வளையம் அறாது. ஆப்டிகல் வயர் போட்டால் அறும். ஒளி போகும் இழையில் கரண்ட் திரும்ப வழியில்லை. பேட்டரியில் ஓடும் செல்போனில் செருகிய டாங்கிளுக்கு எர்த்தும் இல்லை, கசிவும் இல்லை. அதனால்தான் அந்த விரலளவுப் பொருள் பல பெரிய பெட்டிகளைவிட அமைதியாக இருக்கிறது.

எர்த் என்று வந்துவிட்டால் தூத்துக்குடி மாவட்டம் ஒரு தனிப் பாடம். உப்பளங்களை ஒட்டிய மண்ணில் எர்த் கம்பி இறக்கினால் தடை மிகக் குறைவு. உப்பு நீர் ஊறிய மண் கரண்டுக்கு நல்ல வழி. அதே மாவட்டத்தில் திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலில், கோடையில் அதே கம்பியை அதே ஆழத்துக்கு இறக்கினாலும் தடை பல மடங்கு ஏறி நிற்கும். எர்த் குழியில் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு நீர் ஊற்றுவது நம் எலெக்ட்ரீஷியன்களின் பழைய முறை. தேரியில் அது உதவும். உப்பளக் கரையில் உப்பு ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கிறது. அங்கே ஆபத்து, அந்த உப்பே ஜி.ஐ. குழாயைத் தின்றுவிடுவது. நட் போல்ட் துருப்பிடித்து எர்த் கம்பி விட்டுப்போனாலும் விளக்கு எரியும், விசிறி சுற்றும், யாருக்கும் தெரியாது. 2023 டிசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழையில் மூழ்கிய வீடுகளில், வயரிங்கோடு எர்த் இணைப்பையும் சோதித்திருக்க வேண்டும். இசைக்காக மட்டுமல்ல, உயிருக்காகவும்.

இந்த ஊருக்கென்று இன்னொரு கணக்கும் இருக்கிறது. இலங்கையை எட்டும் ஒலிபரப்புக்காக ஆகாசவாணி இங்கே நிறுவிய மத்திய அலை டிரான்ஸ்மிட்டர் 1053 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட் திறன் கொண்டது. இத்தகைய நிலையத்தின் பக்கத்தில் நீண்ட வயர் எதுவும் ஆன்டெனா ஆகிவிடும். ஒரு மெகாஹெர்ட்ஸில் வரும் இந்த விருந்தாளியைப் பழைய லீனியர் ரெகுலேட்டர்கள் தடுப்பதே அரிது. வயரைக் குறுக்குவதும், சட்டை பட்டன் போல மாட்டிவிடும் ஃபெரைட் கிளிப் ஒன்றும் தடுக்கும்.

இனி மைக்செட் போர்டு. பவர் சப்ளை முக்கியமா என்ற கேள்விக்குச் சந்தேகமில்லாமல் ‘ஆம்’ என்று சொல்ல வேண்டிய முதல் இடம் இது, அதனால் சற்று நிற்கலாம். இந்தப் போர்டுக்கு வேண்டியது 5 வோல்ட். ஆம்ப்ளிஃபையரின் 12 வோல்ட் சப்ளையிலிருந்து ஒரு 7805 ரெகுலேட்டர் வழியாக அதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பாட்டு வரும்; கூடவே ப்ளூடூத் இணைந்ததும் ‘டிக் டிக்’ என்றோ, பென்டிரைவ் படிக்கும்போது ‘கீ…’ என்றோ ஒரு சத்தமும் வரும். வால்யூமைக் குறைத்தாலும் போகாது. 7805 மட்டம் என்று மாற்றுவார்கள், ஆயிரம், இரண்டாயிரம் மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் கூட்டுவார்கள், சத்தம் அசையாது. நடப்பது இது: போர்டு விட்டு விட்டு 100 மில்லி ஆம்பியர் அளவில் கரண்ட் இழுக்கிறது, அந்தக் கரண்ட் நெகட்டிவ் வயர் வழியே திரும்புகிறது, ஆடியோவின் கிரவுண்டும் அதே வயர்தான். வயரின் தடை 0.05 ஓம் இருந்தால்கூட 5 மில்லிவோல்ட் எழும். 200 மில்லிவோல்டிலேயே முழுச் சத்தம் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர் நுழைவில் அது 32 டெசிபல் கீழே, மைதானமே கேட்கும் கீச்சொலி.

இதற்கான மருந்தைச் சர்வீஸ் கடைக்காரர்கள் பலர் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்: பி0505எஸ் போன்ற, உள்ளே ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட, நுழைவையும் வெளியையும் தனிமைப்படுத்தும் 5 வோல்ட் மாட்யூல். அதன் வழியே போர்டுக்கு சப்ளை கொடுத்தால் போர்டின் கரண்ட் தன் வட்டத்துக்குள்ளேயே சுற்றித் திரும்பிவிடும். ஆடியோ வயரில் ஏறாது. சத்தம் நின்றுவிடும். இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், அந்த மாட்யூலே ஒரு ஸ்விட்ச்சிங் கன்வெர்ட்டர். அதன் வெளிவரும் 5 வோல்டில் இருக்கும் சிற்றலை 7805 தருவதைவிடப் பல மடங்கு அதிகம். சுத்தத்தைப் பார்த்தால் தோற்றிருக்க வேண்டிய சப்ளை ஜெயிக்கிறது, சுத்தமான சப்ளை தோற்கிறது. கரண்ட் திரும்பும் வழிதான் விஷயம் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. சப்ளை வேறு, கிரவுண்ட் வேறு என்று பிரிக்க வசதியில்லாதவர்கள், போர்டின் நெகட்டிவை ஆம்ப்ளிஃபையரின் மெயின் கெப்பாசிட்டர் முனைக்குத் தனி வயராக இழுத்தாலும் பாதிக்கு மேல் குறையும்.

லீனியர் பவர் சப்ளைக்குத் திரும்புவோம். மேல்நாட்டு விமர்சகர்கள் எழுதும்போது வோல்டேஜ் 230இலேயே நிற்கும் என்ற எண்ணம் சொல்லாமலே அடியில் இருக்கும். நம் ஊரில் கோடை மாலையில் 180, 170 என்று இறங்கும் தெருக்கள் உண்டு. 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 5 வோல்ட் எடுக்கும் ஒரு லீனியர் சப்ளையில், 170 வோல்ட் வரும்போது ரெகுலேட்டரின் நுழைவு சிற்றலையோடு சேர்த்து 7 வோல்டை ஒட்டிப் போகும். பல பழைய ரெகுலேட்டர்கள் வேலை செய்யும் விளிம்பு அது. அதற்கும் கீழே இறங்கினால், 100 ஹெர்ட்ஸ் உறுமல் நேராக உள்ளே நுழையும். 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்ட சாதாரண அடாப்டருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. இன்வெர்ட்டர் ஓடும்போது இந்த முரண் இன்னும் கூர்மையாகும். பல வீடுகளில் இருப்பது சதுர அலை இன்வெர்ட்டர். அதன் அலையில் 48 விழுக்காடு ஹார்மோனிக்ஸ். ஸ்விட்ச்சிங் அடாப்டர் எப்படியும் அதை நேர்மின்சாரமாக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறது. டிரான்ஸ்ஃபார்மரோ அந்தக் கூரிய விளிம்புகளைத் தன் சுற்றுகளுக்கு இடையிலான கெப்பாசிட்டன்ஸ் வழியே கடத்தி, தானும் முனகும். கரண்ட் போனதும் இசை கேட்பவருக்கு, விலை கூடிய சப்ளை மட்டமானதாகிவிடும்.

அடாப்டரே விஷயமாகிவிடும் சந்தர்ப்பமும் உண்டு. அது பழசாகும்போது. உள்ளே இருக்கும் எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி கூடினால் பாதியாகும் என்பது துறையில் எல்லோரும் கையாளும் கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று விற்கும் கெப்பாசிட்டர், அடாப்டருக்குள் 65 டிகிரியில் 32,000 மணி நேரம் தாங்கும். பிளக்கிலிருந்து எடுக்காமலே விட்டால் மூன்றரை ஆண்டுகளுக்குச் சற்று மேல். நம் கோடையில் 65 டிகிரி பெரிய எண் இல்லை. வற்றிய கெப்பாசிட்டர் கொண்ட அடாப்டர் சிற்றலையைப் பத்து மடங்கு கூட்டி, டேக்கை அணைத்து அணைத்துப் போடவும் செய்யும். அதற்கு மாற்று இன்னொரு நல்ல அடாப்டர், அவ்வளவுதான். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவில் அடாப்டர்களும் அடங்கும். ‘ஆர்’ எழுத்தோடு எட்டு இலக்க எண் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது, பெயர் தெரியாத பெட்டியின் மேல் ‘லோ நாய்ஸ்’ என்று எழுதியிருப்பதைவிடப் பயன் தரும்.

எதிர்ப்புகளில் வலுவானது ஒன்றே. ‘கணக்கெல்லாம் சரி, என் காது வித்தியாசம் சொல்கிறதே’ என்பது. காதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எந்தப் பெட்டி ஓடுகிறது என்று கண்ணுக்குத் தெரியும்போது காது தனியாகச் சாட்சி சொல்வதில்லை. மேயரும் மோரனும் 2007இல் வெளியிட்ட சோதனையை இங்கே நினைவுகூரலாம். உயர்தர இசைத் தடத்தின் நடுவே, ஒலியை 16 பிட் எண்ணாக மாற்றி மறுபடி ஒலியாக்கும் ஒரு முழுக் கருவியையே, அதன் சொந்தப் பவர் சப்ளை, கடிகாரம் எல்லாவற்றோடும், மறைவாகச் சொருகியும் எடுத்தும் கேட்கவிட்டார்கள். 554 முறை கேட்டதில் சரியாகச் சொன்னது 276 முறை. நாணயம் சுண்டியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். வழக்கத்துக்கு மீறி வால்யூமை ஏற்றி, இசை இல்லாத இடத்தில் கேட்டபோதுதான் 16 பிட்டின் இரைச்சல் பிடிபட்டது. ஒரு முழுக் கருவி கூடுதலாக வந்ததே தெரியாத காதுக்கு, ஒரு கருவியின் அடாப்டர் மாறியது தெரியும் என்பவர் அதை நிரூபிக்கக் கடமைப்பட்டவர்.

நிரூபிப்பது கடினமும் அல்ல. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சலாபம் என்னும் முத்துக்குளிப்புப் பருவத்தை அறிவிக்கும் முன், கடலடிப் பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்தை மதிப்பிட்டு, செலவுக்குத் தேறுமா என்று பார்ப்பார்கள். 1961இல் தூத்துக்குடியின் கடைசிச் சலாபம் முடியும் வரை, நம்பிக்கையை மட்டும் வைத்து யாரும் படகு இறக்கியதில்லை. பவர் சப்ளைக்கும் அப்படி ஒரு மாதிரி எடுக்கலாம். கடைக்காரரிடம் திருப்பித் தரும் உரிமையோடு வாங்கி வந்து, வீட்டில் ஒருவர் திரைக்குப் பின்னால் அடாப்டரையும் லீனியரையும் தன் இஷ்டத்துக்கு மாற்றிப் போட, 16 முறை கேட்டு எது எது என்று எழுதுங்கள். 12 சரியானால், அது குருட்டாம்போக்கில் நடக்கும் வாய்ப்பு நூற்றுக்கு நாலுக்கும் குறைவு. நிஜமாகவே கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ‘அளவுக் கருவிக்கு எட்டாத ஏதோ ஒன்று’ என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. இரண்டு சப்ளையிலும் டேக்கின் வெளியீட்டைப் பதிவு செய்து, ஒன்றைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டினால், பொதுவானதெல்லாம் அழிந்து வித்தியாசம் மட்டும் மிஞ்சும். மிஞ்சியது இசைக்கு 100 டெசிபல் கீழே என்றால், அதற்குப் பெயர் வைப்பதில் பயனில்லை.

‘ஸ்டூடியோக்களில் லீனியர் சப்ளைதானே வைக்கிறார்கள்’ என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. ஸ்டூடியோவின் அமைதிக்குப் பெரிய காரணம், மூன்று முள் எக்ஸ்.எல்.ஆர். வயரில் போகும் பேலன்ஸ்டு சிக்னல். இரண்டு வயரிலும் ஒரே மாதிரி ஏறும் இரைச்சலை எதிர்முனை கழித்துத் தள்ளிவிடும். கிரவுண்டில் எவ்வளவு கரண்ட் ஓடினாலும் இசைக்கு அது தெரியாது. திரும்பும் வழியை இசையின் வழியிலிருந்து பிரிக்கும் அதே தந்திரம்தான். மலிவு டேக்குகளிலும் இப்போது பேலன்ஸ்டு வெளியீடு வரத் தொடங்கிவிட்டது. ஆம்ப்ளிஃபையருக்கும் அது இருந்தால், பணத்தைப் பவர் சப்ளைக்கு வைப்பதைவிட அதற்கு வைக்கலாம்.

ஒழுங்கான டேக் வைத்திருப்பவர் முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேட்கட்டும். உறுமல் நின்றால் கிரவுண்ட் வளையம், ஆப்டிகல் வயர் வாங்கலாம். நிற்காவிட்டால் பின்னைத் துடைக்கலாம், அடாப்டருக்கு வயசாகிவிட்டதா என்று பார்க்கலாம். இவற்றுக்குப் பிறகும் லீனியர் சப்ளை ஒரு டேக்கை மாற்றிக் காட்டினால், அந்த டேக்கின் உள் ரெகுலேட்டர் மட்டம் என்று பொருள். அந்தப் பணத்துக்கு வேறு டேக் வாங்குவதே லாபம். ஒரே ஒரு வேண்டுகோள். உறுமலை நிறுத்த மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைப்பதும், அதில் டேப் சுற்றிச் செருகுவதும் மைக்செட் பந்தல்களில் இன்னும் நடக்கிறது. சத்தம் நிற்கும் என்பது உண்மை. ஆம்ப்ளிஃபையரில் இன்சுலேஷன் விட்டுப்போன அன்று, ஈர மணலில் வெறுங்காலோடு நின்று மைக்கைப் பிடிப்பவர் வழியாகத்தான் அந்தக் கரண்ட் திரும்பும். எர்த்தைக் கழற்றாதீர்கள், கசிவைக் கண்டதும் கரண்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை லைனில் போட்டுவிட்டு, போர்டுக்கு ஐசொலேட்டட் மாட்யூல் வையுங்கள்.